அந்திக்கிறிஸ்து யார் என்பதற்கு ஏன் இத்தனை பதில்கள்?

கேள்வி நீளமாக இருக்கிறது, சுருக்கினால் இப்படி வரும். உங்கள் பெந்தெகொஸ்தே சபையில் அந்திக்கிறிஸ்து இனிமேல் வரப்போகும் ஓர் உலகத் தலைவன் என்று போதிக்கிறார்கள். அட்வென்டிஸ்ட் சபைக்குப் போகும் சித்தப்பா அது போப்பாண்டவர் பதவிதான் என்று அடித்துச் சொல்கிறார். கத்தோலிக்க நண்பரைக் கேட்டால் "எங்கள் கோயிலில் இதைப்பற்றிப் பேசியே நான் கேட்டதில்லை" என்கிறார். உடன் வேலை பார்க்கும் முஸ்லிம் நண்பர், அவன் பெயர் தஜ்ஜால், ஒற்றைக்கண்ணன் என்கிறார். யார் சொல்வது சரி, எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் கடைசி இரண்டு வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: யூடியூபில் ஒரு போதகர் பேசியதைக் கேட்டுவிட்டு அம்மா ரேஷன் கடையில் கைரேகை வைக்க மாட்டேன் என்கிறார், அது 666 முத்திரையாம். ஆக நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. ஒரே ஆளைப்பற்றி இத்தனை பேர் இத்தனை விதமாகப் பேச என்ன காரணம்? அப்புறம், அம்மாவின் பயத்துக்கு வேதத்தில் இடம் உண்டா?

நான் இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடும் திருச்சபை வரலாறும் பல வருடம் நடத்தியவன். பழைய நூல்கள் என்ன சொல்கின்றன, பிற்காலத்தார் அவற்றை எப்படி வாசித்தார்கள் என்பதை ஓரளவு தைரியமாகச் சொல்வேன். நாளைக்கு என்ன நடக்கும் என்பது என் படிப்பில் வராது. தஜ்ஜால் பற்றி எனக்குத் தெரிந்தது வெளியிலிருந்து படித்தது, அதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத ஒன்று. 'அந்திக்கிறிஸ்து' என்ற சொல் (உங்கள் கத்தோலிக்க நண்பர் வாசிக்கும் மொழிபெயர்ப்பில் 'எதிர்க்கிறிஸ்து' என்று இருக்கும்) வேதாகமம் முழுவதிலும் யோவானின் முதல் இரண்டு நிருபங்களில் மட்டும்தான் வருகிறது. நாலே வசனம்: 1 யோவான் 2:18, 2:22, 4:3, அப்புறம் 2 யோவான் 7. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரு தடவைகூடக் கிடையாது. வகுப்பில் இதைச் சொன்னதும் பாதிப்பேர் பைபிளைப் புரட்ட ஆரம்பிப்பார்கள், தேடட்டும் என்று விட்டுவிடுவேன். அந்த நாலு வசனத்தில் 666 இல்லை, ஏழு வருட ஆட்சி இல்லை, உலக அரசாங்கம் இல்லை. "அநேக அந்திக்கிறிஸ்துகள் இருக்கிறார்கள்" என்று பன்மை இருக்கிறது. "இப்பொழுதும் உலகத்தில் இருக்கிறது" என்று நிகழ்காலம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, "அவர்கள் நம்மைவிட்டுப் பிரிந்துபோனார்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. முதல் நூற்றாண்டின் கடைசியில் ஒரு சபை உடைந்திருக்கிறது, இயேசு உண்மையான மாம்சத்தில் வந்தார் என்பதை ஏற்காதவர்கள் வெளியேறியிருக்கிறார்கள், மீதி இருந்தவர்களைத் தேற்ற எழுதிய கடிதம் இது. நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடியவர்களைத்தான் அவர் அந்தப் பெயரால் அழைக்கிறார். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது: "வருகிறானென்று நீங்கள் கேள்விப்பட்டபடி" என்றும் எழுதியிருக்கிறார். அப்படியானால் ஒருவன் வருவான் என்ற பேச்சு அவருக்கு முன்பே இருந்திருக்கிறது. அதை அவர் ஒதுக்கிவிட்டு வேறு அர்த்தம் கொடுக்கிறாரா, இல்லை வைத்துக்கொண்டே கூட ஒன்றைச் சேர்க்கிறாரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடினால் தானியேலுக்குப் போகவேண்டும். சீரியாவை ஆண்ட கிரேக்க வம்சமான செலூக்கியரின் அரசன் நான்காம் அந்தியோக்கஸ் எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தின்மேல் அந்நிய தெய்வத்துக்குப் பீடம் எழுப்பினான், ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடைசெய்தான். இது கி.மு. 167இல் நடந்தது. தானியேல் 8ஆம் அதிகாரத்தில் கிரேக்க ராஜ்யத்திலிருந்து முளைக்கும் சின்னக் கொம்பு இவன்தான் என்பதைப் பழமைவாத உரையாசிரியர்களில் பெரும்பாலோரும் ஒப்புக்கொள்வார்கள், 'இவன் ஒரு முன்னடையாளம்' என்று மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். தகராறு 7ஆம் அதிகாரத்தில்தான். அங்கே நாலாவது மிருகமாக வருவது கிரேக்கமா, ரோமா? கிரேக்கம் என்றால் அந்தச் சின்னக் கொம்பும் அந்தியோக்கஸ்தான், கதை கி.மு. இரண்டாம் நூற்றாண்டோடு முடிகிறது. ரோம் என்றால் அந்தக் கொம்பு ரோமுக்குப் பிறகு வரவேண்டும். யார் அது என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது. உங்கள் சித்தப்பாவும் உங்கள் பாஸ்டரும் இந்த இடத்தில் ஒரே பக்கம் நிற்கிறார்கள், அடுத்த அடியில்தான் பிரிகிறார்கள்.

மூன்றாவது மூலம் 2 தெசலோனிக்கேயர் 2ஆம் அதிகாரம். அங்கே "பாவமனுஷனாகிய கேட்டின் மகன்" தேவனுடைய ஆலயத்தில் உட்கார்ந்து தன்னைத் தேவன் என்று காட்டுவான் என்று இருக்கிறது. கி.பி. 40இல் ரோமப் பேரரசன் காலிகுலா எருசலேம் ஆலயத்தில் தன் சிலையை நிறுத்தச் சொல்லிக் கட்டளையிட்டான். சீரியாவில் இருந்த அதிகாரி பெட்ரோனியஸ் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார், அதற்குள் 41 ஜனவரியில் காலிகுலாவை அவன் ஆட்களே கொன்றுவிட்டார்கள். அந்த அதிர்ச்சியின் நிழல் இந்த அதிகாரத்தில் விழுந்திருக்கலாம் என்பது நல்ல ஊகம், ஊகம்தான். நிச்சயமாகத் தெரியாத பகுதி இதே அதிகாரத்தில் வரும் "தடைசெய்கிறவன்". அவன் விலகும்வரைக்கும் கேட்டின் மகன் வெளிப்பட மாட்டானாம். ரோம அரசுதான் அந்தத் தடை என்று ஆதித்திருச்சபையில் பலர் நினைத்தார்கள். பேரரசு நீடிக்கவேண்டும் என்று நாங்கள் ஜெபிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஆதித்திருச்சபையின் லத்தீன் எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதியிருக்கிறார். இன்று உங்கள் சபையில் அது பரிசுத்த ஆவியானவர் என்பார்கள். சுவிசேஷப் பிரசங்கம், மிகாவேல் தூதன் என்று இன்னும் இரண்டு மூன்று விடைகள் உண்டு. "நான் உங்களிடத்தில் இருந்தபோது சொன்னேனே, ஞாபகமில்லையா" என்கிற தொனியில் பவுல் எழுதுகிறார். அவர்களுக்கு நேரில் சொன்னார், நமக்குச் சொல்லவில்லை. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் இந்த இடத்துக்கு வந்ததும், இவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். லத்தீன் திருச்சபையின் தலைசிறந்த மூளை அது. வாட்ஸ்அப்பில் இதற்கு உறுதியான விடையோடு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

நாலாவது வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தின் மிருகம், ஏழு தலை, பத்துக் கொம்பு, 666. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த நாலும் நாலு காலத்தில், நாலு நெருக்கடியில், ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் எழுதியவை. இவற்றைத் தைத்து ஒரே ஆளுக்குச் சட்டையாகப் போட்டது இரண்டாம் நூற்றாண்டு. லியோன் நகரத்து ஆயர் இரேனியு சுமார் 180இல் எழுதிய நூலில் சின்னக் கொம்பு, கேட்டின் மகன், மிருகம், அந்திக்கிறிஸ்து எல்லாம் ஒருவனே ஆகிவிட்டான். அடுத்த தலைமுறையில் இப்போலித்து இதற்கென்றே தனிப் புத்தகம் எழுதினார். நாம் இன்று பேசுகிற எல்லாக் கருத்து வேறுபாடும் இந்தத் தையலில்தான் இருக்கிறது: எந்தத் துண்டை எங்கே வைப்பது, எதை மேலே எதை அடியில் என்று. யோவானை மேலே வைத்தால் அந்திக்கிறிஸ்து உள்ளேயிருந்து கிளம்பும் பலபேர். தானியேலை மேலே வைத்தால் ஓர் அரசன் அல்லது ஓர் ஆட்சி. பவுலை வைத்தால் ஆலயத்துக்குள் உட்காரும் ஒரு மதத் தலைவன். ஆளை மாற்றுவது வசனம் இல்லை, வரிசைதான். இதைப் புரிந்துகொண்டால் உங்களுக்குத் தெரிந்த நாலு பேரின் சண்டையில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

இடைக்காலம் இந்தச் சட்டைக்குள் ஒரு முழு வாழ்க்கை வரலாற்றையே போட்டது. சுமார் 950இல் அத்ஸோ என்ற பிரெஞ்சுத் துறவி அரசி கெர்பெர்காவுக்கு எழுதிய கடிதம் பிரபலம்: பாபிலோனில் பிறப்பான், பெத்சாயிதாவிலும் கோராசீனிலும் வளர்வான், தாண் கோத்திரத்து யூதன், பிராங்கு அரசர்கள் இருக்கும்வரை வரமாட்டான். (அரசிக்கு எழுதும்போது கடைசி வரி அவசியம்தான்.) தாண் கோத்திரம் என்பது இரேனியு காலத்துச் சரக்கு. வெளிப்படுத்தல் 7இல் வரும் கோத்திரப் பட்டியலில் தாண் விடுபட்டிருக்கிறது, எரேமியா 8:16இல் தாணைப்பற்றி ஒரு வரி இருக்கிறது, இப்படிப்பட்டவைதான் ஆதாரம். அதை வைத்து 'அந்திக்கிறிஸ்து யூதன், யூதர்கள் அவன் ஆட்கள்' என்று நூற்றாண்டுக்கணக்கில் சொல்லி வளர்த்த வெறுப்புக்கு ஐரோப்பாவில் மனித உயிர்கள் போயின. நம் ஊர்க் கன்வென்ஷன்களில் இதே வரியை யாராவது அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போகும்போது எனக்குக் கோபம் வரும்.

அந்தக் காலத்துக் கற்பனையில் எனக்குப் பிடித்தது ஒரு சுவரோவியம். இத்தாலியில் ஒர்வியேத்தோ பேராலயத்தில் லூக்கா சிஞ்ஞொரெல்லி 1499க்குப் பிறகு வரைந்தது. ஒரு பீடத்தின்மேல் நின்று ஒருவர் பிரசங்கம் பண்ணுகிறார், தாடி, நீளமான முடி, மேலங்கி, அசப்பில் இயேசு. சுற்றிலும் கூட்டம். கிட்டே போய்ப் பார்த்தால் பின்னாலிருந்து ஒரு பிசாசு காதில் ஓதிக்கொண்டிருக்கிறது. இன்னும் உற்றுப் பார்த்தால் அங்கியிலிருந்து வெளியே வரும் இடதுகை அவருடையதா, பின்னால் நிற்கிற பிசாசுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கொம்பும் வாலுமாக வரைந்திருந்தால் யாரும் ஏமாறமாட்டார்கள் என்று அந்த ஓவியனுக்குத் தெரிந்திருக்கிறது. யோவானின் நிருபத்தை ஒழுங்காக வாசித்த ஆள்.

இன்னார்தான் அந்திக்கிறிஸ்து என்று பெயர் சொல்லும் வழக்கம், புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கு வெகு முன்பே உண்டு. 1239இல் ஒன்பதாம் கிரெகரி போப், பேரரசன் இரண்டாம் பிரெடெரிக்கைச் சமுத்திரத்திலிருந்து எழும்பிய மிருகம் என்று கடிதம் எழுதினார். பதிலுக்குப் பேரரசன் தரப்பு போப்தான் அந்திக்கிறிஸ்து என்றது. லூத்தர் செய்தது வேறு ரகம். அவர் இந்தப் போப் அந்தப் போப் என்று ஆளைச் சொல்லவில்லை, பதவியையே சொன்னார். ஆலயத்துக்குள் உட்காருகிறவன் என்று பவுல் சொன்னதால் அவன் திருச்சபைக்கு உள்ளேதான் இருக்கவேண்டும், வெளியே துருக்கியனிடம் தேடவேண்டாம் என்பது வாதம். 1521இல் வித்தன்பர்க்கில் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது, லூக்காஸ் கிரானாக் மரக்கட்டையில் செதுக்கிய படங்கள், இரண்டிரண்டாக 13 ஜோடி. இடதுபக்கம் கிறிஸ்து சீஷர்களின் காலைக் கழுவுகிறார், வலதுபக்கம் போப் நீட்டிய காலை அரசர்கள் முத்தமிடுகிறார்கள். இடதுபக்கம் முள்முடி, வலதுபக்கம் மூன்றடுக்குக் கிரீடம். எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். அது கேலிச்சித்திரத்தோடு நிற்கவில்லை, லூத்தரன்களின் 1537ஆம் வருட ஸ்மால்கால்ட் கட்டுரைகளிலும் பிரஸ்பிட்டேரியன்களின் 1646ஆம் வருட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையிலும் சபையின் கோட்பாடாகவே ஏறிவிட்டது. 1611இன் ஆங்கில வேதாகமத்தை ஜேம்ஸ் அரசருக்குக் காணிக்கையாக்கிய முன்னுரையில்கூட 'அந்தப் பாவமனுஷனுக்கு நீங்கள் கொடுத்த அடி' என்று ஒரு பாராட்டு இருக்கிறது.

சித்தப்பா நிற்கும் இடம் இந்தப் பாரம்பரியம். தானியேலும் வெளிப்படுத்தலும் சொல்லும் 1,260 நாட்களை 1,260 வருடங்களாக எடுத்து, 538இல் தொடங்கி, 1798இல் நெப்போலியனின் தளபதி பெர்த்தியே ரோமுக்குள் புகுந்து ஆறாம் பயஸ் போப்பைக் கைது செய்த சம்பவத்தோடு கணக்கை முடிப்பார்கள். அவர் ஏதோ புதுசாகக் கிளப்பிவிட்டதாக நினைக்காதீர்கள், ஏறக்குறைய முந்நூறு வருடம் புராட்டஸ்டண்ட் உலகத்தின் பொதுக்கருத்தே அதுதான். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு நாளை ஒரு வருடமாக எண்ணச் சொல்லி அந்த வசனங்கள் கேட்கவில்லை. 538 என்ற வருடமும், முடிவுத் தேதி பொருந்தவேண்டும் என்பதால் தேர்ந்தெடுத்ததுபோலத்தான் படுகிறது. யோவான் வைத்த அளவுகோலை எடுத்தால் இன்னும் சிக்கல்: கிறிஸ்து மாம்சத்தில் வந்தார் என்பதை எந்தப் போப்பும் மறுக்கவில்லை.

இனி உங்கள் சபையின் பாடம். வருங்காலத்தில் வரும் ஒரே ஆள், மூன்றரை வருடக் கொடுங்கோல் என்பது இரேனியுவிடமும் இப்போலித்துவிடமும் ஏற்கெனவே இருந்தது. 1590 வாக்கில் சலமாங்காவில் பிரான்சிஸ்கோ ரிபேரா என்ற இயேசுசபைக் குரு, புராட்டஸ்டண்ட் குற்றச்சாட்டுக்குப் பதிலாக அதையே விரிவான உரையாக எழுதினார். அதனால் அட்வென்டிஸ்ட் தரப்பில் 'உங்கள் போதனை இயேசுசபையார் கட்டிவிட்டது' என்று மடக்குவார்கள். அது பாதி உண்மைகூட இல்லை, அவர் பழைய சரக்கைத் தூசி தட்டினார். உண்மையில் புதுசு என்றால் 1830களில் பிளிமத் சகோதரர் இயக்கத்துப் போதகர் ஜான் நெல்சன் டார்பி சேர்த்தது: முதலில் இரகசிய வருகையில் சபை எடுத்துக்கொள்ளப்படும், பிறகு ஏழு வருட உபத்திரவம், அதில்தான் அந்திக்கிறிஸ்து. அந்த ஏழு, தானியேல் 9 சொல்லும் எழுபது 'வாரங்களில்' (ஒரு வாரம் ஏழு வருடம் என்பது கணக்கு) 9:27இல் வரும் கடைசியை மற்ற 69இலிருந்து வெட்டி இரண்டாயிரம் வருடம் தள்ளி வைப்பதால் வருகிறது. 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் இதைப் பக்கத்தின் அடியில் அச்சிட்டது, அடிக்குறிப்பும் வசனமும் ஒரே தாளில் இருந்ததால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் பரவிவிட்டது. மேடைக்குப் பின்னால் துணியில் தொங்குமே, ஆதாம் முதல் வெள்ளைச் சிங்காசனம் வரைக்கும் ஒரு நீளமான படம், அது இந்தப் பள்ளியின் வரைபடம். தப்பு என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, கர்த்தரை நேசிக்கும் எத்தனையோ பேர் அதை நம்புகிறார்கள். அது வேதத்தின் ஒரே வாசிப்பு இல்லை, இப்போதைய வடிவத்தில் வயது இருநூறைத் தொடவில்லை, அவ்வளவுதான் சொல்கிறேன்.

சரி, 666. எபிரெய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. 'நேரோன் கேசர்' என்று எபிரெயத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்: 50, 200, 6, 50 சேர்த்து 306. அப்புறம் 100, 60, 200 சேர்த்து 360. மொத்தம் 666. கிறிஸ்தவர்களை ரோமில் வதைத்த நீரோ. லத்தீன் உச்சரிப்புப்படி கடைசி 'ன்' விட்டு 'நேரோ' என்று எழுதினால் 50 குறைந்து 616 ஆகும். எகிப்தில் ஒக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு பழைய பாப்பிரஸ் பிரதியில் அந்த இடத்தில் 616 என்றே இருக்கிறது. இரண்டு எண்ணும் ஒரே பெயரில் விழுவதால்தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் நீரோவை ஏற்கிறார்கள். 68இலேயே கழுத்தில் குத்திக்கொண்டு செத்தவன் எப்படி என்றால், அவன் சாகவில்லை, திரும்பி வருவான் என்ற பேச்சு கிழக்கு மாகாணங்களில் ரொம்ப நாள் ஓடியது, 'நான்தான் நீரோ' என்று போலிகள்கூடக் கிளம்பினார்கள். சாவுக்கேதுவான காயம் ஆறிய தலை என்று 13:3 சொல்வது அதோடு சேருகிறது. எதிர்த்தரப்பில் ஒரு வலுவான கேள்வி உண்டு: அந்தப் புத்தகத்துக்கு நூறு வருடம்கூடத் தள்ளி இல்லாத இரேனியு, 666க்கு மூன்று பெயர்களை யோசிக்கிறார், நீரோவை யோசிக்கவே இல்லை. 616 தெரிந்தும் அதைப் பிரதி எடுத்தவர் பிழை என்கிறார். பெயர் முக்கியம் என்றால் அதைச் சொல்லியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, எந்தப் பெயரையும் உறுதிசெய்யாமல் நிறுத்திக்கொள்கிறார். ஆகவே நீரோ, அநேகமாக. கல்லில் வெட்டியதுபோல அல்ல.

முத்திரைக்கு வருவோம். வலதுகையிலோ நெற்றியிலோ மிருகத்தின் முத்திரை இல்லாதவன் வாங்கவும் விற்கவும் முடியாது என்பது 13ஆம் அதிகாரம் சொல்வது. 13ஆம் அதிகாரத்தை அம்மாவோடு உட்கார்ந்து வாசியுங்கள், ஆனால் அங்கே நிறுத்தாமல் 14:1க்கும் 14:9க்கும் போங்கள். 14:9இல் முத்திரை தனியாக வரவில்லை, மிருகத்தையும் அதன் சொரூபத்தையும் வணங்குவதோடு சேர்ந்து வருகிறது. 14:1இல் ஆட்டுக்குட்டியானவரோடு நிற்கிற 1,44,000 பேரின் நெற்றியிலும் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது. அந்த எழுத்தை யாரும் கருவியில் தேடுவதில்லை, யாருக்குச் சொந்தம் என்பதைச் சொல்கிறது என்று புரிந்துகொள்கிறோம். அப்படியானால் எதிர்ப்பக்க முத்திரையை மட்டும் ஏன் இயந்திரத்தில் தேடவேண்டும்? பேரரசனைக் கும்பிடாமல் தொழில் செய்ய முடியாத ஆசியா மைனர் நகரங்களின் நெருக்கடி அது. பின்னால் 250இல் ரோமப் பேரரசன் தேசியஸ் காலத்தில் அது கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சாட்சிக் கையெழுத்தோடு சான்றிதழ் வாங்கவேண்டும், அந்தச் சீட்டுகளில் நாற்பதுக்கும் மேல் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. ரேஷன் கடைக்காரர் அரிசி போடுமுன் யாரையும் கும்பிடச் சொல்வதில்லை. பீட்டர் பேரரசர் காலத்திலும் அதற்குப் பிறகும் ரஷ்யாவில் பழைய சடங்கைக் கைவிடாத விசுவாசிகள் கணக்கெடுப்பில் பெயர் கொடுப்பதே அந்திக்கிறிஸ்துவின் முத்திரை என்று மறுத்தார்கள், ஒரு கூட்டம் பாஸ்போர்ட்டே வேண்டாம் என்று காடுமேடெல்லாம் அலைந்தது, தீக்குளித்தவர்களும் ஆயிரக்கணக்கில். பார்கோடு வந்தபோது இதே பேச்சு, ஆதார் வந்தபோது இதே பேச்சு, தடுப்பூசிக்கும் இதே பேச்சு. அரசு நம் விவரங்களை இவ்வளவு சேர்க்கலாமா என்பது நியாயமான குடிமக்கள் கேள்வி, அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. அம்மாவிடம் கேலி பண்ணவேண்டாம், அவர் பயம் உண்மையான பயம். கார்டில் பெயர் இருக்கிற யார் கைரேகை வைத்தாலும் பொருள் கிடைக்கும், அவர் மனம் தெளியும்வரை நீங்களே போய் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கத்தோலிக்க நண்பர் கேள்விப்படவில்லை என்பதால் அவர்கள் சபையில் போதனை இல்லை என்று அர்த்தமில்லை. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் 675ஆம் எண்ணில், கிறிஸ்து திரும்ப வருமுன் திருச்சபைக்கு ஒரு கடைசிச் சோதனை வரும் என்றும், கடவுளின் இடத்தில் மனிதன் தன்னையே வைத்து மகிமைப்படுத்திக்கொள்ளும் போலி மெசியாத்தனமே எதிர்க்கிறிஸ்துவின் ஏமாற்று என்றும் சொல்கிறது. பெயர் இல்லை, தேதி இல்லை. அடுத்த எண்ணில், பூமியிலேயே மெசியாவின் ராஜ்யத்தைக் கட்டிமுடிக்கிறேன் என்று கிளம்பும் அரசியலையும் அதே வரிசையில் வைக்கிறது. நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனாலும் நிதானமான வாசகம் என்றுதான் சொல்வேன்.

தஜ்ஜால் விஷயத்தில் உங்கள் முஸ்லிம் நண்பர் சொன்னது நபிமொழித் தொகுப்புகளான ஹதீஸ்களில் இருப்பதுதான். குர்ஆனில் அந்தப் பெயர் வரவில்லை. ஒரு கண் பழுதானவன், இரு கண்ணுக்கு நடுவே 'காஃபிர்' (இறைமறுப்பாளன்) என்று எழுதியிருக்கும், மக்காவுக்குள்ளும் மதீனாவுக்குள்ளும் நுழைய முடியாது. பூமியில் 40 நாள் இருப்பான், அதில் ஒரு நாள் வருடம்போல, ஒரு நாள் மாதம்போல, ஒரு நாள் வாரம்போல, மற்றவை சாதாரண நாள். கடைசியில் ஈஸா நபி இறங்கிவந்து லுத் வாசலில் அவனை முடிப்பார். அந்த ஊர் இன்றைய இஸ்ரேலின் லோத் நகரம். தொழுகையின் கடைசி இருப்பில் பாதுகாப்புத் தேடும் நாலு விஷயங்களில் தஜ்ஜாலின் குழப்பமும் ஒன்று என்பதால் அவர்களுக்கு இது அன்றாடம் வாயில் வரும் பெயர். நம்மவனும் அவனும் ஒரே ஆளா என்றால், அந்தக் காலத்து யூத, சிரியாக் கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகள் ஒரே நிலப்பரப்பில் ஒன்றையொன்று கேட்டு வளர்ந்தவை, குடும்பச் சாயல் தெளிவாகவே இருக்கிறது. யூத மரபிலும் அர்மிலுஸ் என்று ஒருவன் உண்டு. யார் யாரிடமிருந்து எதை எடுத்தார்கள் என்பது இன்னும் தீராத ஆராய்ச்சி. ஒரு முக்கிய வித்தியாசம்: அங்கே அவனை முறியடிக்க வரும் ஈஸா ஒரு நபி, இங்கே இயேசு தேவகுமாரன். அதே இயேசுவின் வருகையை இரண்டு பேரும் எதிர்பார்க்கிறீர்கள் என்பதை நண்பரோடு டீ குடிக்கும்போது பேசிப்பாருங்கள், நல்ல உரையாடலாக இருக்கும்.

என் சொந்தச் சாய்வைக் கேட்டால்: யோவானின் பன்மையை அடியில் போட்டுவிட முடியாது, அந்தப் பெயரை வைத்தவரே அவர். கடைசியில் அதெல்லாம் ஓர் ஆளில் திரளுமா என்றால், பவுலின் அதிகாரத்தை நேராக வாசிக்கும்போது அப்படித்தான் தொனிக்கிறது, ஆகவே கதவைச் சாத்தவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிற எவர் பெயரையும் அதில் ஒட்டுவதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரொனால்ட் வில்சன் ரீகனின் மூன்று பெயரிலும் ஆங்கிலத்தில் ஆறாறு எழுத்து என்று எண்ணினார்கள். பதவி முடிந்து அவர் குடிபோன வீட்டின் கதவு எண் 666ஆக இருந்து, அதை 668 என்று மாற்றிக்கொண்டார்கள். முசோலினி, ஹிட்லர், கோர்பச்சேவ் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்து போனவர்கள்தான்.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு: யோவானின் முதல் நிருபத்தை ஒரே அமர்வில் வாசித்துவிடுங்கள், ஐந்தே அதிகாரம். பிறகு 2 தெசலோனிக்கேயர் 2, பிறகு தானியேல் 7, 8. தானியேலோடு சேர்த்து 1 மக்கபேயர் முதல் அதிகாரத்தையும் வாசித்தால் அந்தியோக்கஸ் என்ன செய்தான் என்று தெரியும், அப்புறம் அந்தக் கொம்பெல்லாம் பயமுறுத்தாது. அந்தப் புத்தகம் நம் பைபிளில் கிடையாது. கத்தோலிக்க நண்பரிடம் அவருடையதை ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.